ஸர் டேவிட் பெரியர்

உடற்கூற்று நூல் எதனைத் திறந்து நோக்கினும் மனித மூளையின் படம் ஒன்று அதன்கண் காணப்படும். இது கையை அசைக்கும் இடம், இது முகத்தை அசைக்கும் இடம், இஃது ஓசையை உணரும் இடம் எனக் கோடுகள் இழுத்துப் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கும். பரீட்சைக்குப் படிக்கும் மாணவர் அப்பெயர்களை நெட்டுருச் செய்கின்றனர். அக்கோடுகளை இழுக்கத் துணிந்தவர் யார், எவ்வாறு இழுத்தார், அதன்பொருட்டு விலை கொடுத்தவர் யாவர் என்று வினவுவார் மிகச் சிலரே. அவ்வினாவிற்கு விடையாக ஸர் டேவிட் பெரியர் என்னும் ஸ்காத்லாந்து வைத்தியரது சரித்திரத்தை ஈண்டு வரையப் புகுகின்றோம். அவர் பெயரைத் தமிழில் எழுதுங்கால் அது சான்றோரைக் குறிக்கும் நம் மொழிச் சொல்லாகவே வந்து நிற்கின்றது. இஃது எழுத்தின் தற்செயலேயன்றி நாம் வேண்டுமென்று சூட்டிய புகழ்ச்சியன்று.

பெரியர் 1843-ஆம் ஆண்டு ஜனவரி 13-ஆம் நாள் அபர்டீன் நகரை அடுத்த உட்ஸைட் என்னும் ஊரிற் பிறந்தார். அபர்டீன் சர்வகலாசாலையில் அவர் முதலிற் கற்றது வைத்தியமன்று. பழம்பாஷைகளும் தத்துவ சாஸ்திரமுமாம். 1863-ல் எம்.ஏ. பட்டத்தை முதல் வகுப்பிற் பெற்றார். அங்கே அவர்க்கு ஆசிரியராக வாய்த்தவர் அலெக்ஸாண்டர் பெயின். உள்ளத்தின் இயல்பை ஆராயப் புகுவோர் உடம்பைப் புறக்கணித்தல் ஆகாது என்பது பெயினது கொள்கை. அது மாணவரது நெஞ்சிற் பசுமரத்தாணிபோற் பதிந்தது. பின்னர் ஜெர்மனியில் ஹைடல்பர்க் நகரஞ் சென்று சில காலம் பயின்றார். ஹெல்ம்ஹோல்ட்ஸ், வுண்ட் முதலிய பேரறிஞர் அக்காலத்து ஆங்கு இருந்தனர். அதன்பின் எடின்பரோவில் வைத்தியம் பயின்று 1868-ல் தேறினார். பரி ஸெயின்ட் எட்மண்ட்ஸ் என்னும் நாட்டுப்புறப் பட்டணத்தில் ஒரு வைத்தியர்க்கு உதவியாளராக அமர்ந்தார். 1870-ல் விலங்குகளின் மூளைப் பகுதி ஒன்றை ஒப்பிட்டு எழுதிய ஆராய்ச்சியுரைக்காக எம்.டி. பட்டமும் தங்கப் பதக்கமும் பெற்றார். 1871-ல் இலண்டன் கிங்ஸ் கலாசாலையை அடைந்தார். மறு ஆண்டிலேயே சட்ட சம்பந்தமான வைத்திய நூற்கு ஆசிரியராயினார்.

அக்காலத்து மூளையைப்பற்றி அறிஞர் கொண்டிருந்த கருத்து யாதெனில், பெருமூளை பகுப்பில்லாத ஒரே பொருள், அது முழுமையாகவே தொழிற்படுவது என்பதாம். பிரெஞ்சு நாட்டு ப்ளூரான்ஸ் என்பார் பறவைகளிலும் சிறு விலங்குகளிலும் சோதித்து இக்கொள்கையை நிலைநாட்டியிருந்தார். மண்டையோட்டின் மேடுபள்ளங்களைத் தடவிப் பார்த்துக் குணங் கூறிய போலிச் சாஸ்திரம் ஒன்று அதற்குமுன் பரவி இழிவடைந்திருந்தமையால், மூளையை இடம் இடமாகப் பகுத்துப் பேசுதலே அறிஞர்க்கு நாணத்தைத் தந்தது. 1861-ல் பாரிஸில் ப்ரோக்கா என்பார், பேச்சிழந்த ஒருவனது மூளையின் இடப்பக்க முன்பகுதியிற் சிதைவைக் கண்டு காட்டினார். எனினும் அவ்வொரு செய்தியைக்கொண்டு மூளை முழுவதற்கும் எல்லை வகுக்க ஒருவரும் முன்வந்திலர்.

முன்வரச் செய்தது வலிப்பு நோய். சுவிசேஷத்தில், தீயிலும் நீரிலும் விழுந்து துடித்த மகனைத் தந்தை அழைத்துவந்த வரலாறு நம்மில் யாவரும் அறிந்ததே. நம் நாட்டில் வலிப்புற்று வீழ்ந்தவன் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும் வழக்கம் இன்றும் முற்றும் ஒழிந்திலது. அதனால் ஒரு பயனும் இல்லை. பேய் என்றும் தெய்வம் என்றும் சாபம் என்றும் உலகம் கருதிய இந்நோயை, இலண்டனில் குவீன் ஸ்குவேர் ஆஸ்பத்திரியைச் சார்ந்த ஹூலிங்ஸ் ஜாக்ஸன் என்னும் வைத்தியர் படுக்கையருகிலிருந்து கூர்ந்து நோக்கினார். சில நோயாளர்க்கு வலிப்பு ஒரே இடத்தில் தொடங்குகின்றது. கட்டை விரலிலோ, வாயின் கோடியிலோ, காலின் பெருவிரலிலோ துடிப்பு முதலில் தோன்றும். விரலில் தோன்றியது கைக்கு ஏறும். கையிலிருந்து முகத்திற்கும், பின் காலுக்கும், இறுதியில் உடல் முழுவதற்கும் பரவும். இப்பரவுதல் ஓர் ஒழுங்குடன் நிகழ்வதைக் கண்ட ஜாக்ஸன், உடம்பிற் காணும் இவ்வொழுங்கு மூளையின் மேற்பட்டையில் உள்ள ஓர் ஒழுங்கின் நிழலே என ஊகித்தார். மூளையின் ஓரிடத்தில் அளவிறந்த கிளர்ச்சி உண்டாகி அயலிடங்கட்குப் பரவுதலே வலிப்பு என்பது அவர் துணிபு. ஆயின் அஃது ஊகமாகவே இருந்தது.

1870-ல் பெர்லினில் பிரிட்ஷ், ஹிட்ஸிக் என்னும் இருவர், ஹிட்ஸிக்கின் வீட்டிலேயே நாய்களின் மூளையை வெளிப்படுத்தி, பாட்டரியிலிருந்து வரும் மின்னோட்டத்தால் அதன் மேற்பட்டையைத் தொட்டனர். ஓரிடத்தைத் தொட முன்கால் அசைந்தது; மற்றோரிடத்தைத் தொடப் பின்கால் அசைந்தது. ப்ளூரான்ஸ் கொள்கை அன்றே ஆட்டங்கண்டது.

ஈண்டுத்தான் பெரியர் வருகின்றார். 1873-ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் யார்க்ஷயரில் வேக்பீல்ட் நகரத்துப் பைத்திய வைத்தியசாலைக்குச் சென்றார். அதன் தலைவரான கிரிக்டன் ப்ரௌன் அங்கே ஒரு சோதனைச்சாலையை அமைத்திருந்தார். அதனையும் வேண்டும் பிராணிகளையும் பெரியர்க்கு உதவினார். கினிப்பன்றி, முயல், பூனை, நாய் முதலியவற்றை மயக்க மருந்தால் உணர்விழக்கச் செய்து, மண்டையோட்டைத் திறந்து, மின்சாரச் சுருளிலிருந்து வரும் மாறுமின்னோட்டத்தால் மூளையைத் தொட்டார். ஜெர்மானியர் கையாண்ட மின்னோட்டம் ஒரு கணத் துடிப்பையே எழுப்பியது; பெரியரது மின்னோட்டத்தையோ சில விநாடிகள் தொடர்ந்து செலுத்தலாம். அதனாற் பூனை காலை நீட்டி எதனையோ அடிப்பது போன்றும், நாய் நடப்பது போன்றும் முழுச் செயல்கள் தோன்றின. அதனினும் பெரிய செய்தி வேறொன்று. மின்னோட்டத்தைச் சற்று மிகுத்தால், கம்பியை எடுத்த பின்னரும் அசைவு நில்லாது. காலில் தொடங்கிய துடிப்பு ஒழுங்காக ஏறி உடல் முழுவதும் பரவி வலிப்பாக முடிந்தது. ஜாக்ஸன் நோயாளரிடம் கண்ட அதே வரிசை சோதனைச்சாலையில் மனிதர் கையால் உண்டாக்கப்பட்டது. ஜாக்ஸனது ஊகத்தைச் சோதித்தலே தம் நோக்கம் எனப் பெரியர் அவ்வாண்டிலேயே அவ்வைத்தியசாலையின் அறிக்கையில் வெளிப்படையாக எழுதினார்.

பின்னர் ராயல் சங்கத்தின் பொருளுதவியால் குரங்குகளிடத்துச் சோதனை தொடர்ந்தது. குரங்கின் மூளை மனித மூளையை ஒத்த மடிப்புக்களை உடையது. கம்பியின் நுனியைச் சிறிது சிறிதாக நகர்த்தி, எவ்விடத்தைத் தொட எவ்வுறுப்பு அசைந்தது என்பதை எண்ணிட்ட வட்டங்களாகக் குறித்தார். கால், கை, முகம், வாய், நாக்கு என வரிசையாக இடங்கள் அமைந்தன. இதுபற்றி அவர் 1874-ல் ராயல் சங்கத்திற்கு அளித்த கட்டுரையால் வழக்கொன்று எழுந்தது. பிரிட்ஷ், ஹிட்ஸிக் இருவர்க்கும் உரிய முதன்மை கூறப்படவில்லை என்று அதனைப் படித்த நடுவர் குறை கூறினர். பெரியர் நாய்களைப்பற்றிய பகுதியை நீக்கிக் குரங்குகளைப்பற்றியதை மட்டும் வெளியிட்டார். நடுவர் கூறியதே நியாயம் என்று நாம் எண்ணுகின்றோம். முன்னோர் கடனை ஒரு வரியில் ஒப்புக்கொள்வதால் பெரியரது பெருமை ஒரு சிறிதும் குறைந்திராது.

1876-ல் மூளையின் தொழில்களைப்பற்றிய அவரது பெருநூல் வெளிவந்தது. அதனை அவர் ஜாக்ஸனுக்கே உரிமையாக்கினார். அந்நூலிற் குரங்கின் மூளையிற் கண்ட வட்டங்களை அப்படியே எடுத்து மனித மூளையின் படத்தின்மேல் வைத்துக் காட்டியுள்ளார். இத்துணிவைப் படிப்போர் எளிதாக எண்ணுதல் கூடாது. குரங்கிற் கண்டது மனிதனிடத்தும் உண்டு என்பதற்கு ஜாக்ஸனது நோயாளரன்றி வேறு சான்று அன்று இலது. நேராகவே மனிதனிடத்துச் சோதித்தவரும் ஒருவர் இருந்தார். 1874-ல் அமெரிக்காவில் ஸின்ஸினாட்டி நகரத்து பார்த்தலோ என்னும் வைத்தியர், தலைப்புண்ணால் மண்டையோடு அரிக்கப்பட்டு மூளை வெளித்தெரிந்த ஒரு பணிப்பெண்ணின் மூளையில் ஊசிகளைச் செலுத்தி மின்னோட்டம் விட்டார். உறுப்புக்கள் அசைந்தன, மின்னோட்டத்தை மிகுக்க வலிப்பும் வந்தது, சில நாட்களில் அப்பெண் இறந்தாள். வைத்திய உலகம் அவரைக் கண்டித்தது. அவரும் பின்னர் வருத்தந் தெரிவித்தார். பிராணிகளிடத்துச் செய்யாவிடின் எவரிடத்துச் செய்யப்படும் என்பதற்கு அது கொடியதோர் உதாரணமாயிற்று.

பெரியரது படத்திற் பிழைகளும் இருந்தன. பார்வைக்குரிய இடத்தை அவர் மூளையின் பக்கவாட்டில் வைத்தார். அது பிடரிப் பகுதியில் உள்ளது என்று பெர்லினில் முன்க் என்பார் காட்டியதே பின்னர் நிலைத்தது. ஆனால் கேள்விக்குரிய இடத்தைப் பொட்டுப் பகுதியின் மேல்மடிப்பிற் கண்டது சரியாயிற்று. பொட்டுப் பகுதியின் உட்புறத்தில் கொக்கிபோல் வளைந்த ஒரு நுனியுண்டு. அதனைத் தொட்டபோது குரங்கு அப்பக்கத்து மூக்கையும் உதட்டையும் சுளித்தது. ஆகவே அதனை மோப்பத்திற்குரிய இடம் என்றார். இச்சிறு குறிப்பை வாசகர் நினைவிற் கொள்ள வேண்டுகின்றோம். இதற்குப் பின்னர் வருவோம்.

இன்னொரு செய்தியையும் விடுதல் கூடாது. 1875-ல் லிவர்பூலைச் சார்ந்த ரிச்சர்ட் கேட்டன், மின்னோட்டத்தை மூளைக்குட் செலுத்தாமல், மூளையில் தானே தோன்றும் மின்னோட்டத்தை முயல், குரங்கு ஆகியவற்றிடத்து அளந்தார். தலையைத் திருப்புதற்கும் மெல்லுதற்கும் உரியன எனப் பெரியர் குறித்த இடங்களில், அப்பிராணி அச்செயலைச் செய்யுந்தோறும் மின்னோட்டம் மாறியது. இன்று வலிப்பு நோயாளரின் தலையிற் பல முனைகளைப் பொருத்திக் காகிதத்திலும் திரையிலும் அலைகளைப் பதியும் முறைக்கு இது முதற்படி.

1881-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இலண்டனில் அகில உலக வைத்திய மகாநாடு கூடியது. ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து கோல்ட்ஸ் என்பார் மூளையை இடம் இடமாகப் பகுத்தல் பொய் என்று வாதித்தார். மூளையிற் பெரும்பகுதி நீக்கப்பட்டும் நடமாடிய நாய் ஒன்றை அவர் கொண்டுவந்திருந்தார். பெரியர் இரு குரங்குகளைக் காட்டினார். ஒன்றற்கு இடமூளையில் அசைவுக்குரிய பகுதி சில மாதங்களுக்குமுன் நீக்கப்பட்டிருந்தது. அது வலக்கையும் வலக்காலும் செயலற்று நொண்டி வந்தது. அதனைக் கண்ட பாரிஸ் பேராசிரியர் ஷார்க்கோ, இது நோயாளியே என்று வியந்து கூறினார் என்ப. மற்றொன்றற்குக் கேள்விக்குரிய இடங்கள் இருபுறமும் நீக்கப்பட்டிருந்தன, அருகே வெடியொலி எழுப்பியபோது முதற் குரங்கு துள்ளியது, இரண்டாவது அசைந்திலது. பின்னர் நாயும் நொண்டிய குரங்கும் கொல்லப்பட்டு, அவற்றின் மூளைகள் ஒரு குழுவினரால் ஆராயப்பட்டன. குரங்கின் மூளை பெரியர் கூறியவாறே இருந்தது. நாயின் மூளையிற் கோல்ட்ஸ் எண்ணிய அளவு நீக்கப்பட்டிருக்கவில்லை.

வெற்றிக்கு மூன்று திங்கள் கழிந்தபின் வந்தது வழக்கு. 1876-ல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, உயிருள்ள பிராணிகளிடத்துச் சோதனை செய்வோர் லைசென்ஸ் பெறுதல் வேண்டும். மயக்கம் தெளிந்தபின் பிராணியை உயிருடன் வைத்திருக்கத் தனி அநுமதியும் வேண்டும். பெரியர் இவற்றைப் பெறாது அக்குரங்குகளைச் சோதித்தார் என்று, பிரான்ஸெஸ் பவர் காப் என்னும் மாது நடத்திய விக்டோரியா வீதிச் சங்கத்தார் 1881 நவம்பரில் போ ஸ்ட்ரீட் நியாயஸ்தலத்தில் வழக்குத் தொடுத்தனர். வைத்தியப் பத்திரிகைகள் சோதனையைப் பெரியர் செய்ததாகவே வெளியிட்டிருந்தன. ஆயின் கத்தியைக் கையாண்டவர் அவருடைய உடனாசிரியர் ஜெரால்ட் யோ என்பதும், அவரிடம் லைசென்ஸ் உண்டு என்பதும் சாட்சியத்தால் வெளிவந்தன. வழக்குத் தள்ளப்பட்டது.

இவ்வழக்கை எழுதும் வைத்தியர் பலர் காப் மாதை ஏளனஞ் செய்வர். நாம் அவ்வாறு செய்ய மனங்கொள்கின்றிலோம். வாயற்ற பிராணிக்கு வழக்காட ஒருவர் எழுந்ததில் நகைக்கத்தக்கது யாதுமில்லை. நொண்டிக்கொண்டு மண்டபத்தில் நுழைந்த குரங்கின் துன்பம் மெய். அதனைக் கண்டு வியந்தோரின் அறிவுப் பயனும் மெய். பயன் மனிதரைச் சென்றடையுமா என்பதே அன்று எஞ்சிய வினா. வழக்கு லைசென்ஸைப்பற்றியதாக முடிந்துவிட்டமையால் அவ்வினா நியாயஸ்தலத்தில் எழவேயில்லை.

அது வேறிடத்தில் எழுந்தது. மண்டையைத் திறந்து மூளைக் கட்டிகளை அகற்றுதல் கூடும் என்று பெரியர் 1883-ல் சஸ்திர வைத்தியரை வற்புறுத்தினார். அக்குரங்குகள் பிழைத்திருந்தமைக்குக் காரணம், யோவும் பெரியரும் லிஸ்டர் கண்ட கிருமிநாசினி முறையைக் கைக்கொண்டதே. லிஸ்டரும் அக்காலத்துக் கிங்ஸ் கலாசாலையிலேயே இருந்தவர். 1884-ல் 25 வயதான ஸ்காத்லாந்து உழவர் ஒருவர், ரீஜண்ட்ஸ் பார்க்கிலிருந்த வலிப்பு நோயாளர் ஆஸ்பத்திரியிற் சேர்ந்தார். முகத்தின் இடப்பக்கத்தில் தொடங்கும் துடிப்பு; பின் இடக்கையிற் பலவீனம்; தாங்கொணாத் தலைவலி; ஓயாத வாந்தி. தலையின் வெளியே ஒரு வீக்கமுமில்லை, வடுவுமில்லை. ஹியூஸ் பென்னட் என்னும் வைத்தியர், வலிப்புத் தொடங்கும் இடத்தையும் பரவும் வரிசையையும் பெரியரது படத்துடன் ஒப்பிட்டு, வலமூளையில் இன்ன மடிப்பில் கட்டியுண்டு என்று குறித்தார். 1884 நவம்பர் 25-ஆம் நாள் லிஸ்டரின் உறவினரான ரிக்மன் காட்லீ அவ்விடத்தே மண்டையைத் திறந்தார். பெரியரும் ஜாக்ஸனும் அருகில் நின்றனர். மூளையின் மேற்பரப்பிற் கட்டி காணப்படவில்லை. சிறிது கீறியபின் கால் அங்குல ஆழத்தில், வாதுமைக்கொட்டை அளவினதாய், குறித்த இடத்திலேயே அஃது இருந்தது.

நோயாளியின் தலைவலியும் வாந்தியும் வலிப்பும் நீங்கின. அவர் உயிருடன் இருக்கும்போதே, டிசம்பர் 16-ஆம் நாள் டைம்ஸ் பத்திரிகையில் ஒரு கடிதம் வந்தது. பெயர் மறைத்து எழுதியவர் வேக்பீல்டில் சோதனைக்கு இடந்தந்த அதே கிரிக்டன் ப்ரௌன். பெரியரது குரங்குகளால் இவ்வுயிர் காக்கப்பட்டது என்று அவர் முழங்கினார். எதிர்க்கட்சியாரும் விடாது மறுத்து எழுதினர். சத்திர சிகிச்சை நடந்த 28-ஆம் நாள், புண்ணிற் கிருமி புகுந்து மூளையுறை அழன்று அவ்வுழவர் இறந்தார். குரங்குகளைக் காத்த முறை மனிதரைக் காக்கத் தவறியது. கடிதம் எழுதியவர் சிறிது பொறுத்திருக்கலாம் என்பதே நம் கருத்து. ஒருவர் படுக்கையிற் கிடக்குங்கால் அவர் உயிரைக்கொண்டு வழக்காடுதல் அழகன்று. எனினும் படம் மெய்யென்பது அன்று உறுதியாயிற்று. 1886 மே மாதம் குவீன் ஸ்குவேர் ஆஸ்பத்திரியில் விக்டர் ஹார்ஸ்லி, பழைய தலைக்காயத்தால் வலிப்புற்ற 22 வயது இளைஞர்க்கு அதே வழியில் சத்திரம் செய்தார். அவ்விளைஞர் பிழைத்தெழுந்தார்.

அதன்பின் பெரியரது வாழ்க்கை அமைதியாகச் சென்றது. 1889-ல் கிங்ஸ் கலாசாலையில் நரம்பு நோய்த் துறைக்குப் பேராசிரியரானார். 1908-ல் ஓய்வு பெற்றார். 1911-ல் ஸர் பட்டம் அளிக்கப்பட்டது. ஷெரிங்டன் தமது பெயர்பெற்ற நரம்பு நூலை 1906-ல் அவர்க்கே உரிமையாக்கியிருந்தார். 1928 மார்ச் 19-ஆம் நாள் இலண்டனில் உயிர் நீத்தார். அவர் பெயரால் ராயல் சங்கம் நிறுவிய சொற்பொழிவை 1929-ல் முதன்முதல் ஆற்றியவரும் ஷெரிங்டனே.

முன்னர்க் குறித்த கொக்கி நுனிக்கு இப்போது வருவோம். நாறாத இடத்தில் தீநாற்றம் உணர்ந்து, கனவு நிலைபோல் மயங்கி, பின்னர் வலிப்புறும் நோயாளரை ஜாக்ஸன் தம் முதுமையில் விவரித்தார். அந்நோயின் இடம் பெரியர் குறித்த அந்நுனியே என்றார். அந்நுனியின் அடியில் அமிக்டலா என்னும் பகுதி உள்ளது. அச்சமும் கலக்கமும் எழுங்கால் இது மிகுதியுந் தொழிற்படும். மனக்கலக்கம் மிகுந்த நாட்களில் வலிப்பு அடிக்கடி வருவதாக நோயாளர் பலர் கூறுவதுண்டு. அதற்கு உடலிற் காரணம் உண்டா? 1981-ல் கலிபோர்னியாவில் வைல் என்பாரும் அவர் கூட்டத்தாரும், ஆடுகளின் மூளையிலிருந்து 41 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு ஹார்மோனைப் பிரித்தெடுத்தனர். இடுக்கண் நேருங்கால் உடலின் பிற ஹார்மோன்களை எழுப்பிவிடும் முதல் ஏவலாள் அதுவே. இரண்டாண்டுகளில் அதனை எலிகளின் மூளைக்குழிக்குட் செலுத்திப் பார்த்தனர். மின்சாரக் கம்பி எதுவும் தீண்டாதிருக்கவே, சில மணி நேரத்தில் வலிப்பு எழுந்தது; அமிக்டலாவே அதில் முதன்மையாகக் கிளர்ந்தது. எலிக்குஞ்சுகட்கு அதனினும் மிகச் சிறு அளவே போதும். சில நிமிஷங்களில் வலிப்புத் தொடங்கிவிடும்.

இத்தகைய வலிப்பின்போது மூளை முழுவதன் தொழிலையும் ஒருங்கே காண, ஸொகொலாப் என்பார் 1977-ல் வெளியிட்ட முறை உதவுகின்றது. உழைக்கும் மூளைப்பகுதி சர்க்கரையை மிகுதியாக உண்ணும். சர்க்கரையை ஒத்த, கதிர்வீசும் பொருளொன்றை ஊட்டினால் அஃது உழைத்த இடங்களிற் செரியாமற் தங்கிவிடும். பிராணியைக் கொன்று, மூளையை மெல்லிய தகடுகளாகச் சீவிப் புகைப்படத் தகட்டின்மேல் வைத்தால், கிளர்ந்த இடங்கள் கருமையாகப் பதியும். பெரியர் கம்பியால் ஒவ்வோர் இடமாகத் தொட்டுத் தேடியதை இப்படம் ஒரே முறையிற் காட்டுகின்றது. கைக்குழந்தைகட்கு வரும் ஒருவகைக் கொடிய வலிப்பு, மேற்கூறிய ஏவலாளைத் தணிக்கும் மற்றொரு ஹார்மோனை ஊசியாற் செலுத்த நிற்கின்றது என்பது 1958 முதல் வைத்தியர் அறிந்த செய்தி. ஏன் நிற்கின்றது என்பதற்கு எலிக்குஞ்சுகளின் சோதனை ஒரு விடையாகலாம் என்று கருதுவோர் உளர்.

பெரியரை நியாயஸ்தலத்திற்கு இழுத்த 1876-ஆம் ஆண்டுச் சட்டம் 110 ஆண்டுகள் வழங்கி, 1986-ல் புதிய சட்டத்திற்கு இடந்தந்தது. புதிய சட்டத்தின்படி லைசென்ஸ் மட்டும் போதாது. பிராணி படும் துன்பத்தையும் அதனால் எதிர்பார்க்கும் பயனையும் ஒருங்கே தராசிலிட்டு நிறுத்தபின்னரே சோதனைக்கு அநுமதி தரப்படும்.